ஓலைக் கூரையா, ஓட்டுக் கூரையா? தாயகத்தில் வீடு வேய உதவுவோரின் சிந்தனைக்கு

கடந்த கோடை விடுமுறையில், மகனின் குடும்பத்தோடு ஜேர்மனியின் வட பகுதியிலுள்ள கடற்கரைக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். வீதியின் இருமருங்கிலும் செங்கற் சுவர்களும், அவற்றின்மேல் ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்புடைய நாணற் கூரைகளும் கொண்ட வீடுகள் வரிசையாக நின்றன. பத்து வயதுப் பேர்த்தி வாகனத்தின் கண்ணாடி வழியே அவற்றைச் சுட்டிக் காட்டினாள்.

"அப்பப்பா, இவை மிகவும் விலை கூடிய வீடுகள். பணக்காரர்தான் இப்படியான கூரை போடுவார்கள் என்று எங்கள் ஆசிரியை சொன்னவர்."

"நானும் இப்படியொரு கூரையின் கீழ்தான் பிறந்தேன்" என்றேன்.

"அப்படியென்றால் உங்கள் அப்பாவும் பணக்காரரோ?" என்று கேட்டாள்.

மகன் சிரித்தான். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. வடமராட்சியில், பனங்கூடலை அடுத்த எமது வளவில், எனது தந்தையார் ஓலைக் கூரை போட்டது ஓடு வாங்க வசதியில்லாத காரணத்தினால்தான்.

அதே கிழமையில் ஊரிலிருந்து தங்கையின் தொலைபேசி அழைப்பு வந்தது. எமது வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் 2003 ஆம் ஆண்டில், சமாதான காலத்தில், ஓடு போட்டாயிற்று. பின்பக்க விறாந்தையும் குசினியும் இன்றுவரை பனையோலைக் கூரையின் கீழ்தான் இருக்கின்றன. அந்த ஓலை உக்கிவிட்டது என்றும், மாரி வருமுன் ஏதாவது செய்ய வேண்டும் என்றும், இம்முறை தகடு போட்டால் என்ன என்றும் கேட்டாள். "ஓலையே போடு, அதுதான் குளிர்ச்சி" என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். தங்கை அதற்கு அளித்த பதிலைப் பின்னர் எழுதுகின்றேன். அந்தப் பதிலே இக்கட்டுரையை எழுத வைத்தது.

எம்மவர்களில் எத்தனையோ பேர் இன்று ஊரிலுள்ள உறவுகளின் கூரைக்குப் பணம் அனுப்புகின்றவர்களாக இருக்கின்றோம். பணம் அனுப்புகின்றவரின் சொல்லுக்கு ஊரில் ஒரு பாரம் உண்டு. எனவே, ஓலைக் கூரையின் நன்மை எது, தீமை எது என்பதை, பிள்ளைப் பருவ நினைவுகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சிந்திப்பது நமது கடமையாகின்றது.

ஓலை கூரையாகும் விதம்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிறந்த பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லி வைப்போம்.

எமது பகுதியில் கூரைக்குப் பயன்பட்டவை இரண்டு. ஒன்று தென்னோலையில் முடையப்படும் கிடுகு. மற்றது பனையோலை. தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டை கழிக்கும். அந்த மட்டைகளை நாட்கணக்கில் நீரில் ஊறவிட்டு, நடுவே பிளந்து, பெண்கள் திண்ணையிலும் மரநிழலிலும் இருந்து பின்னுவர். பனையோலையோ பின்னப்படுவதில்லை. ஓலை வெட்டுவோர் மரமேறி வெட்டித் தள்ள, நிலத்திலே ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி, மிதித்து, பாரம் ஏற்றி வைப்பார்கள். சுருங்கி மடங்காமல் தட்டையாகக் காய்ந்த ஓலையே கூரைக்கு உகந்தது.

கப்பு, வளை, கைமரம், சிலாகை யாவும் பெரும்பாலும் பனையிலிருந்தே பெறப்பட்டன. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைக் கறையான் எளிதில் அண்டாது. ஓலையைச் சிலாகையோடு சேர்த்துக் கட்டுவதற்கும் பனையின் நாரே உதவியது. கூரையின் வெளியே ஒருவர் குந்தியிருக்க, உள்ளே ஒருவர் நின்று குத்தூசியை வாங்கிக் கொடுக்க, இறப்பிலிருந்து தொடங்கி முகடு வரை வரிவரியாக ஓலை ஏறும். ஏட்டில் 'வேய்தல்' என்று எழுதினாலும், எமது ஊர்ப் பேச்சில் அது 'வீடு மேய்தல்' ஆகும்.

கூரையின் சரிவு செங்குத்தாக இருத்தல் வேண்டும். சரிவு குறைந்தால் நீர் ஓடாது தங்கி, ஓலை விரைவில் உக்கிவிடும். இறப்பு தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மண்சுவரில் மழை சாத்தாது. தாழ்ந்த இறப்பினால்தான் எமது வீடுகளுக்குள் எவரும் குனிந்தே நுழைந்தனர்.

நன்மைகள்

முதலாவது நன்மை குளிர்ச்சி. இது வெறும் நினைவு அன்று. அதற்குத் தக்க காரணம் உண்டு. அடுக்கடுக்காகக் கிடக்கும் காய்ந்த ஓலைகளுக்கு இடையே அசையாத காற்று அகப்பட்டிருக்கின்றது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சித்திரை வைகாசி வெயில் கூரையின் மேற்பரப்பைச் சுட்டாலும், அச்சூடு கீழே வந்து சேர்வதில்லை. அடுப்புப் புகையும் உள்ளேயுள்ள சூடான காற்றும் ஓலையின் இடுக்குகளினூடாக மெல்ல வெளியேறிவிடும். சீமெந்துத் தட்டு பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி இரவிலே உமிழ்கின்றது. ஓலையோ எதையும் சேமித்து வைப்பதில்லை. பொழுது பட்டதும் ஆறிவிடும்.

இரண்டாவது நன்மை, அது எமது வளவிலேயே விளைந்தது. கப்பலில் வரவேண்டியதில்லை, கடையில் கடன் சொல்ல வேண்டியதில்லை. இந்த நன்மையின் முழுப் பெறுமதியும் போர்க்காலத்திலேயே விளங்கியது. 1990 இன் பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் சீமெந்து தங்கம் போலாயிற்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் பெயர்ந்து, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, அவர்களுக்கு நிழல் கொடுத்தவை கோவில் மண்டபங்களும் பாடசாலைகளும் மரங்களுமே. அடுத்த நாட்களில் வளவுகள் தோறும் எழுந்த கொட்டில்களுக்குக் கிடுகும் பனையோலையும் கூரையாயின. வன்னியிலே வீடுகள் மட்டுமன்றிப் பாடசாலைகளும் ஓலையின் கீழ் இயங்கின. அங்கே படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள் இன்று இக்கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

மூன்றாவதாக, ஓலை வீணாவதில்லை. கூரையிலிருந்து இறக்கிய உக்கிய ஓலை குப்பைக்குப் போகாது, தோட்டத்துக்குப் போகும். புகையிலைத் தறைகளிலும் வாழைக்கும் தென்னைக்கும் அதைத் தாட்டு எருவாக்கினர். இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டைக் காத்த ஓலை, அதன்பின் மண்ணைக் காத்தது. இன்று கழற்றி எறியப்படும் கூரைத் தகடுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் வேலியோரங்களில் சாத்தி வைத்திருப்பதைக் காணும்போது, அந்த ஒழுங்கின் அருமை புரிகின்றது.

நான்காவது, அது பாரமற்றது. சூறாவளியிலோ எறிகணை அதிர்விலோ விழுந்தாலும், உள்ளே இருப்பவர்மீது சீமெந்துத் தட்டு விழுவது போன்று விழாது.

ஐந்தாவது நன்மையைப் பலரும் நினைப்பதில்லை. ஓலைக் கூரையை ஒருவர் தனியாக வேய முடியாது. ஓலை எடுத்துக் கொடுக்க ஒருவர், குத்தூசி வாங்க ஒருவர், மேலே கட்ட இருவர், நார் கிழிக்க ஒருவர் என அயல் திரண்டு வரும். இன்று எங்கள் வீடு, நாளை உங்கள் வீடு. காலையில் தேநீரும் பனங்கட்டியும், மதியம் சோறும் மீன்குழம்பும் அவ்வளவே கூலி. யப்பானில் சிராகவா-கோ என்னும் மலைக் கிராமத்தில், புற்கூரை வீடுகளை ஊரார் ஒன்றுகூடி மாற்றும் வழக்கம் இன்றும் உண்டு. அந்த வீடுகளை யுனெஸ்கோ நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. எமது ஊர்களில் அதே வழக்கம் எந்தப் பட்டயமும் இன்றி நிலவியது.

குறைகள்

நன்மைகளை எழுதுவது இலகுவாக இருந்தது. குறைகளை எழுதும்போது எனது தாயாரின் முகம் நினைவுக்கு வருகின்றது.

கிடுகுக் கூரை பொதுவாக ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. பனையோலை நன்றாக மிதித்து நெருக்கமாக வேய்ந்தால் இரண்டு மூன்று ஆண்டு. அதன்பின் ஒழுக்குத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகை இரவுகளில் எத்தனை சட்டி, எத்தனை பேணி, எத்தனை கிடாரம் என்று வீட்டில் உள்ளவற்றையெல்லாம் நிரையாக வைத்து ஒழுக்குப் பிடித்த தாய்மார் எத்தனை பேர்! பிள்ளைகளின் பாய்களை இழுத்து இழுத்து நனையாத மூலைக்குக் கொண்டு சேர்ப்பதிலேயே அவர்களின் இரவு கழிந்தது. எனது பாடப் புத்தகங்களை அம்மா நெற்பெட்டிக்குள் வைத்து மூடிய நாட்கள் உண்டு.

ஓலைக்குள் எலி புகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். தேளும் மட்டத்தேளும் பூரானும் குடியேறும். குசினிக் கூரையைப் புகை ஓரளவு காக்கும். புகை படிந்த ஓலையைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை. ஆனால் அந்தப் புகையைக் காலமெல்லாம் சுவாசித்தவர்கள் எமது தாய்மாரே. கூரைக்கு நன்மை செய்த புகை அவர்களின் நெஞ்சுக்கு நன்மை செய்யவில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஓலையும் இலுக்குப் புல்லும் வேய்ந்த வீடுகள் இருந்த இடம் தெரியாமற் போயின. ஓட்டு வீடுகளும் தப்பவில்லை என்பது உண்மையே. எனினும் ஓட்டு வீட்டில் சுவராவது எஞ்சி நின்றது.

எல்லாவற்றிலும் பெரிய குறை தீ. குப்பிவிளக்கு ஒன்று சரிந்தாற் போதும். ஆடி மாதத்துச் சோளகம் வீசும்போது ஒரு கூரையில் பற்றியது அடுத்த கூரைக்குத் தாவ அதிக நேரம் எடுப்பதில்லை. 2004 யூலை 16 ஆம் நாள் தமிழ்நாட்டின் கும்பகோணத்தில், பாடசாலையொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரைக்குப் பரவி, 94 சிறுவர்கள் மாண்டனர். அதன்பின்னரே அங்கு பாடசாலைகளில் ஓலைக் கூரை அகற்றப்பட்டது. எமது வடமராட்சியில், 1987 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் எறிகணைகள் வீழ்ந்தபோது, கல்வீட்டுக்காரர் திரும்பி வந்து துளைகளை அடைத்தனர். ஓலை வீட்டுக்காரர் திரும்பி வந்து சாம்பலைக் கூட்டி அள்ளினர். எமது வீட்டு முற்றத்திலும் அம்மா சாம்பல்தான் அள்ளினார்.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. ஓலைக் கூரை எல்லோருக்கும் விருப்பத் தெரிவாக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வீடு கட்டுவதையும் ஓடு போடுவதையும் ஊர்ப் 'பெரியவர்கள்' பொறுத்துக்கொள்ளாத காலமொன்று எமது சமுதாயத்தில் இருந்தது. அம்மக்கள் உரிமை கேட்டெழுந்த வேளைகளில் அவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டதும் உண்டு. அவ்வாறான குடும்பமொன்றில் பிறந்தவரிடம் சென்று ஓலை வீட்டின் அழகை நாம் வர்ணித்தால், அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பதில் தவறில்லை.

இங்கே அது ஏன் செல்வந்தர் வீடாயிற்று?

இனிப் பேர்த்தியின் கேள்விக்கு வருவோம். அதே புல், அதே சரிவு. ஊரில் வறுமையின் அடையாளமாக இருந்தது இங்கே செல்வத்தின் அடையாளமாவது எங்ஙனம்?

இங்கும் அது ஏழையின் கூரையாகவே தொடங்கியது. இலண்டன் மாநகரில் 1212 ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெருந்தீயின் பின்னர், நகருக்குள் புற்கூரை தடைசெய்யப்பட்டது. நகர எல்லைக்கு வெளியே, ஆற்றின் தென்கரையில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கு புற்கூரையோடு நின்றது. 1613 யூன் 29 ஆம் நாள், நாடகத்தின் நடுவே வெடித்த பீரங்கியின் பொறி கூரையிற் பட்டு, அரங்கு முழுவதும் எரிந்து போயிற்று. மறு ஆண்டு திரும்பக் கட்டியபோது ஓடே போட்டனர். அந்த அரங்கைப் பழைய வடிவத்தில் 1997 ஆம் ஆண்டில் மீண்டும் கட்டித் திறந்தபோது, 1666 இன் பெருந்தீக்குப் பின்னர் இலண்டனில் புற்கூரைக்கு அனுமதி பெற்ற முதற் கட்டடமாக அது அமைந்தது. ஆனால் அக்கூரையில் தீ பற்றினால் நீர் தூவுகின்ற குழாய்களும் பொருத்தப்பட்டிருக்கின்றன.

விடயம் அந்தக் குழாய்களில்தான் இருக்கின்றது. இங்குள்ள நாணற் கூரை ஏறத்தாழ முப்பது சென்ரிமீற்றர் தடிப்புடையது. நன்கு பேணினால் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். முகட்டை மட்டும் இடையிடையே புதுப்பிப்பர். குளிர் நாட்டில் புல் உக்குவது மெதுவாகவே நடைபெறும். அதனை வேய்வதற்கு முறையாகத் தொழில் பயின்றவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குத் தக்க கூலி உண்டு. தீயணைப்பு வண்டி சில நிமிடங்களில் வந்து சேரும். காப்புறுதி நிறுவனங்கள் ஓட்டு வீட்டைவிடக் கூடிய கட்டணம் அறவிட்டாலும், எரிந்தால் இழப்பைத் தருகின்றன. இவை யாவும் சூழ்ந்து நிற்கும்போது புற்கூரை அழகாகின்றது. இவற்றில் ஒன்றும் இல்லாத இடத்தில், அதே கூரையின் கீழ் மாரியில் நனைந்தும் கோடையில் தீக்கு அஞ்சியும் வாழ வேண்டியிருக்கின்றது.

எனவே பேர்த்திக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "அந்த வீட்டுக்காரர் வேண்டுமென்று அந்தக் கூரையைப் போட்டிருக்கிறார். எங்கள் ஐயாவுக்கு வேறு வழி இருக்கவில்லை."

ஓலைக்குப் பதிலாக எது?

போர் முடிந்த 2009 இன் பின்னர், மீள்குடியேறியவர்களுக்கு முதலில் கிடைத்தவை தகரங்களே. வன்னியில் அந்தத் தகரக் கொட்டில்களின் கீழ் இருந்தவர்களைக் கேட்டால், பகல் பதினொரு மணிக்குப் பின்னர் உள்ளே இருக்க முடியாது, மரநிழலைத் தேடிப் போய்விடுவோம் என்பர். மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேளாது. பின்னர் இந்திய அரசின் உதவியில் ஐம்பதினாயிரம் வீட்டுத் திட்டம் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகள் தாமே நின்று கட்டும் முறையில் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. அதன்பின் 65,000 உருக்கு வீடுகள் பொருத்தும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டபோது, எமது வெப்பத்துக்கு அவை ஒவ்வா என்று மக்களும் துறைசார்ந்தோரும் எதிர்த்தனர். கூரை என்பது பணத்தை மட்டும் பொறுத்த விடயமன்று என்பதற்கு அந்த எதிர்ப்பே சான்று.

இன்று ஊரிலே ஓலைக்கு மாற்றாகப் பலரும் நாடுவது அஸ்பெஸ்ரஸ் எனப்படும் கல்நார்த் தகடு. மலிவானது; தகரத்தைவிடச் சூடு குறைவு; ஓடு போன்று அதிக மரம் கேட்காது. ஆனால் நாம் வாழும் நாடுகளில் அதன் நிலை என்ன? பிரித்தானியா 1999 இல் அதனை முற்றாகத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் 2005 தொடக்கம் தடை. கனடாவில் 2018 இல் தடை வந்தது. அதை வெட்டும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் சென்று தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக் கூடும். இங்கே பழைய கட்டடமொன்றில் அத்தகடு இருந்தால், உடல் முழுவதும் மூடிய பாதுகாப்பு உடை அணிந்தவர்களே வந்து கழற்றுகின்றனர். அங்கே எமது உறவினர் வெறும் மேலுடன் நின்று வாளால் அரிகின்றனர். நாம் இங்கே நமது பிள்ளைகளின் தலைக்கு மேல் அனுமதிக்காத ஒன்றை, அங்குள்ள பிள்ளைகளின் தலைக்கு மேல் போடுவதற்குப் பணம் அனுப்புவது சரியா என்பதை ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும். ஏற்கெனவே போட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. உடையாமல், அரியாமல், சுரண்டிக் கழுவாமல் விட்டு வைத்தால் ஆபத்துக் குறைவு. மாற்றும் நாள் வரும்போது நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

ஓடு, நீண்ட காலம் உழைக்கும். சுட்ட மண் ஓடு காற்றை ஓரளவு போக வர விடுகின்றது. தகரம் போன்று கொதிக்காது. எமது முன்னோரின் நாற்சார் வீடுகள் பீலி ஓட்டோடு பல தலைமுறைகள் நின்றன. ஆனால் நல்ல மரம் வேண்டும். மரத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகின்றது. வன்னிப் பகுதிகளில் குரங்குகள் ஓட்டைப் புரட்டி உடைக்கின்றன என்ற முறைப்பாடும் உண்டு. சீமெந்துத் தட்டுப் போட்டால் மேலே இன்னொரு மாடி கட்டலாம் என்ற எண்ணத்தில் பலர் போடுகின்றனர். மாடி எழாமலே ஆண்டுகள் கழிய, கீழே இருப்போர் இரவு முழுவதும் மின்விசிறியின் கீழ் வேகின்றனர்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓட்டுக் கூரையிலோ தகட்டுக் கூரையிலோ பீலி பொருத்தித் தொட்டியில் மழைநீரைச் சேமிக்கலாம். ஆறுகள் இல்லாத குடாநாட்டில், கிணறு உவராகிவரும் ஊர்களில், இது சிறிய நன்மையன்று. ஓலைக் கூரையிலிருந்து வடியும் நீரோ தேநீர் நிறத்தில் இருக்கும், குடிக்க உதவாது.

தங்கையின் பதில்

ஓலையே போடு என்று நான் சொன்னதும், தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு தங்கை சொன்னாள்:

"அண்ணை, நீங்கள் ரண்டு வருசத்துக்கு ஒருக்கா மூண்டு கிழமை வந்து, விறாந்தையிலை படுத்துப்போட்டு, நல்ல குளிர்ச்சி எண்டு சொல்லிப்போட்டுப் போறியள். மாரியிலை சட்டி வைச்சு ஒழுக்குப் பிடிக்கிறது நான். 2008 ஆம் ஆண்டு அந்தப் புயல் மழைக்குள்ளை அம்மாவை முன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். இப்ப எனக்கும் அறுபது தாண்டியிட்டுது. ஓலை வெட்ட ஏறுறதுக்கும் ஆளில்லை. மேயத் தெரிஞ்ச பெடியளும் இல்லை. முந்தி மாதிரி அயலட்டையும் இல்லை. பாதிச் சனம் உங்களோடைதானே இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. ஓலைக் கூரைக்கு ஓலை மட்டும் போதாது. சுற்றிவர ஆட்கள் வேண்டும். குத்தூசி வாங்கிக் கொடுத்த கைகள் இன்று பாரிசிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றன. எமது ஒழுங்கையில் அன்று வீடு மேய வந்த பன்னிரண்டு பேரை எண்ணிப் பார்த்தேன். நால்வர் இறந்துவிட்டனர். எழுவர் வெளிநாட்டில், என்னையும் சேர்த்து. ஒருவர் மட்டுமே ஊரில். அவருக்கும் முழங்கால் இயலாது. போரில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகள் போக எஞ்சியவற்றில் ஓலை காய்ந்து காவோலையாகித் தானாகவே விழுகின்றது. எடுப்பாரில்லை.

ஓலை வீட்டின் குளிர்ச்சியை நான் அனுபவித்தேன். அந்தக் குளிர்ச்சிக்கு வேண்டிய உழைப்பை மற்றவர்கள் கொடுத்தார்கள். முதலில் தந்தையாரும் அயலவரும், பின்னர் தாயார், இன்று தங்கை. இங்கே எண்ணெய்ச் சூட்டடுப்பு உள்ள வீட்டில் இருந்துகொண்டு, அறுபது வயதுப் பெண்ணொருத்தியை எனது நினைவுகளுக்காக மாரியில் நனைய விடுவதற்கு எனக்கு உரிமையில்லை.

என்ன செய்தோம்?

இரண்டு கிழமைகள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அதனை ஏனையோருக்கும் உதவக் கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகின்றேன்.

பின்பக்க விறாந்தைக்கும் குசினிக்கும் ஓடு. பழைய பனங் கைமரங்களில் வைரமானவை இன்னும் உறுதியாக இருந்தபடியால், அவற்றில் அரைவாசியைத் திரும்பவும் பாவிக்க முடிந்தது. ஓலைக் கூரையிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டோம். ஒன்று, இறப்பைச் சுவரிலிருந்து நன்றாக வெளியே நீட்டித் தாழ்த்தி விட்டோம். வெயிலும் சாரலும் சுவரில் படாது. மற்றது, முகட்டின் அருகே இருபுறமும் காற்று வெளியேற இடைவெளி விட்டு, பூச்சி புகாதவாறு வலை அடித்தோம். இறப்பில் பீலி பொருத்தி, மழைநீர்த் தொட்டி ஒன்றும் வைத்தாயிற்று. அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு.

ஓலையை முற்றாகக் கைவிடவும் இல்லை. கிணற்றடிக்கு அப்பால், வீட்டிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி, நான்கு கப்பு நட்டு ஒரு சிறு கொட்டில் போட்டிருக்கின்றோம். பகலிலே தங்கை அங்கேயிருந்து பெட்டி இழைக்கின்றாள். அது உக்கினால் அவசரமில்லை. ஒருவரும் நனையப் போவதில்லை. பழைய கூரையின் ஓலை முழுவதும் தென்னம்பிள்ளைகளுக்குத் தாட்டாயிற்று.

ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. உடல் வலுவுள்ள இளைஞர்கள் வீட்டில் இருந்து, வளவிலே பனையும் தென்னையும் நின்று, அயலும் கூடி வருமென்றால் ஓலைக் கூரை இன்றைக்கும் நல்ல கூரைதான். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது பெண்களுக்கும் முதியோருக்கும் சுமையாகின்றது. எனவே அடுத்த முறை ஊரிலிருந்து கூரை பற்றிய பேச்சு வரும்போது, "இதைப் போடு, அதைப் போடு" என்று நாம் முதலில் சொல்லாமல், மழை இரவில் அந்தக் கூரையின் கீழ் யார் படுக்கின்றார், ஒழுகினால் யார் எழும்புகின்றார் என்று கேட்போம். அவருடைய சொல்லுக்கு முதலிடம் கொடுப்போம். அவருக்குத் தெரியாத கல்நார் போன்ற விடயங்களை மட்டும் நாம் எடுத்துச் சொல்வோம்.

அடுத்த ஆடி விடுமுறைக்குப் பேர்த்தியை ஊருக்கு அழைத்துச் செல்வதாக இருக்கின்றோம். அந்தச் சிறு கொட்டிலுக்கு அப்போது ஓலை மாற்ற வேண்டியிருக்கும் என்று தங்கை சொல்லியிருக்கின்றாள். மேலே கட்டுவதற்கு முழங்கால் இயலாத அந்த நண்பர் எப்படியோ ஒருவரைத் தேடிப் பிடிப்பதாகச் சொன்னார். உள்ளே நின்று குத்தூசி வாங்கிக் கொடுப்பதற்கு ஆள் இருக்கின்றது என்று நான் அறிவித்துவிட்டேன்.